லஞ்ச் ஷீட்டை விட்ட பிறகு: திருகோணமலைக் கடற்காற்றில் பாவித்துப் பார்த்த சாப்பாட்டுப் பெட்டிகள்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரம் உள்ளவர்கள் இதோடு கடைக்குப் போகலாம். பிள்ளையின் இடைவேளைச் சாப்பாட்டுக்கு, மூன்று கொக்கி வைத்த, உள்ளே தடுப்பு இல்லாத, நடுத்தர அளவு ஸ்டீல் பெட்டி ஒன்று. அதற்குள் அடங்குகிற, திருகு மூடி போட்ட சின்ன ஸ்டீல் டப்பா இரண்டு. வேறொன்றும் தேவையில்லை. மத்திய வீதியில் ஒரு பாத்திரக் கடையில் மூன்றும் சேர்த்து 3,400 ரூபாய் கொடுத்தேன். தேன்மெழுகுத் துணி, சிலிக்கன் பை, சாப்பாடு சுற்றுகிற ‘மக்கும்’ லஞ்ச் ஷீட், பனையோலைப் பெட்டி எல்லாம் எங்கள் குசினிக்கு வந்து போயின. அவற்றையும் எழுதுகிறேன், ஏனென்றால் இரண்டில் நல்ல காசு நட்டம்.

நான் உப்புவெளிப் பக்கம் ஸ்டீல் வெல்டிங் வேலை செய்கிறவன். நிலாவெளி வீதி ஹோட்டல்களுக்கு மாடிப்படிக் கைப்பிடி, பல்கனிக் கம்பி, நீச்சல் தடாகத்து ஏணி செய்து கொடுப்பது தொழில். மனைவி தாதி. காலை வேலை வருகிற நாட்களில் ஆறரைக்கே வெளிக்கிட வேண்டும். ஆகவே தரம் மூன்றில் படிக்கிற மகளுக்கும் நேசரி போகிற மகனுக்கும் சாப்பாடு கட்டுவது என் கையில்தான். பாடசாலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடிகிறது, நடுவில் ஒரு இடைவேளை. அந்தக் கொஞ்ச நேரத்துக்காக எவ்வளவு பொலித்தீன் ஒரு பிள்ளையின் பைக்குள் போகிறது என்பது பையை நாமே கட்டினால்தான் தெரியும். பாணைச் சுற்ற ஒரு லஞ்ச் ஷீட், பழத்துண்டுக்கு ஒரு சின்னப் பை, பிஸ்கட் பைக்கற், யோகட் கப், கடைசியில் இத்தனையையும் போட்டு முடிச்சுப் போட ஒரு சொப்பிங் பை.

பொலித்தீன் லஞ்ச் ஷீட்டை அரசாங்கம் தடைசெய்தது 2017 செப்டம்பர் 1ஆம் திகதி. ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டிக்கும் அன்றைக்கே தடை. 2023 அக்டோபர் 1இல் பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, கரண்டி, முள்ளுக்கரண்டி, தட்டு என்று பட்டியல் நீண்டு இடியப்பத் தட்டு வரைக்கும் வந்தது. யோகட் கப் மட்டும் தப்பிக்கொண்டது. 2025 நவம்பர் 1 முதல் கைபிடி வைத்த சொப்பிங் பையைக் கடைகளில் சும்மா தரக் கூடாது, பில்லில் விலை போட வேண்டும். சட்டம் இவ்வளவு தூரம் வந்த பிறகும், எங்கள் வீதி முனைக் கடையில் ‘மக்கும்’ என்று அச்சடித்த லஞ்ச் ஷீட் கட்டு கட்டாகத் தொங்குகிறது.

எங்கள் ஊரில் அந்த ஷீட் எங்கே போய்ச் சேருகிறது என்று யாரும் கேட்கத் தேவையில்லை. பிரட்றிக் கோட்டைக்குள்ளும் வெளியிலும் திரிகிற மான்கள் குப்பைக்குள் தலையை விட்டு, சம்பல் மணக்கிற ஷீட்டை இழுத்துச் சவைப்பதைப் பார்க்காத திருகோணமலைக்காரர் குறைவு. கோணேசர் கோயிலுக்குப் போகும்போது மகள் அதைக் கண்டுவிட்டு, “அப்பா, அது எங்கட பாண் சுத்துற பேப்பர்” என்றாள். அதற்குப் பிறகு ஷீட்டில் சுற்றிக் கொடுத்தால் வீட்டில் சண்டை.

இனிப் பெட்டி. ஸ்டீல் பெட்டி வாங்குகிறவர்கள் அடியில் 18/8 என்று குத்தியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் என்று அர்த்தம், பட்டறையில் நாங்கள் 304 என்போம். பார்ப்பது நல்லதுதான். ஆனால் அந்த எண்ணை எந்தத் தகட்டிலும் குத்தலாம், குத்துகிறவனுக்கு அதனால் ஒரு சதமும் கூடப் போகாது. 201 என்று இன்னொரு ரகம் இருக்கிறது. நிக்கலைக் குறைத்து, மங்கனீஸைக் கூட்டிச் செய்தது. கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கே வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் தெரிவது ஒரு வருடம் கழித்து, அதுவும் எங்களைப் போலக் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு. உப்புக் காற்றில் 201 புள்ளி புள்ளியாகத் துருவேறும். தடாகத்து ஏணிக்கு மொலிப்டினம் சேர்ந்த 316தான் போட வேண்டும் என்று ஹோட்டல்காரரோடு நான் மல்லுக்கட்டுவதும் இதே உப்பால்தான். சாப்பாட்டுப் பெட்டிக்கு 316 தேவையில்லை, 304 தாராளம்.

காந்தம் ஒட்டினால் கூடாத ஸ்டீல், ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்று ஊரில் ஒரு கணக்கு உண்டு. அது பாதிதான் சரி. 304உம் ஒட்டாது, 201உம் ஒட்டாது. போதாக்குறைக்கு, நல்ல 304 தகட்டையே அச்சில் அழுத்திப் பெட்டியாக்கும்போது வளைந்த மூலைகளில் காந்தம் இலேசாக இழுக்கத் தொடங்கும். அதைப் பார்த்துவிட்டு நல்ல பெட்டியைக் கடையிலேயே வைத்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அடித்தட்டின் நடுவில் காந்தம் டக்கென்று பிடித்தால் மட்டும் யோசியுங்கள். அது நிக்கல் இல்லாத 430 ரகமாக இருக்கலாம்.

பட்டறையில் ஸ்டீல் ரகம் பார்க்கிற மருந்து ஒன்று சின்னப் போத்தலில் இருக்கிறது. தகட்டில் ஒரு துளி விட்டு, 9 வோல்ட் பற்றரியின் முனைகளைப் படவைக்க வேண்டும். மங்கனீஸ் கூடிய தகடு என்றால் சில விநாடியில் துளி சிவக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்த பெட்டி எல்லாவற்றையும் கவிழ்த்து வரிசையாக வைத்து, அடியில் துளி விட்டோம். மகள்தான் பற்றரி பிடித்தாள். கொழும்பில் பெரிய கடையொன்றில் மச்சான் வாங்கி வந்த, கரடிப் படம் போட்ட, 6,000 ரூபாய்க்கு மேல் போன பெட்டி பீற்றூட் தண்ணிபோலச் சிவந்தது. அடியில் 18/8 என்று அழகாகக் குத்தியிருந்ததும் அதே பெட்டிதான். மத்திய வீதிப் பெட்டியில் துளி நிறம் மாறாமல் கிடந்தது. அதில் எந்த எண்ணும் இல்லை. (செய்து பார்க்கிறவர்கள் வெளிப்பக்கத்தில் மட்டும் விடுங்கள், பிறகு நன்றாகக் கழுவுங்கள். அது மருந்து, தண்ணீர் அல்ல.)

201 பெட்டியில் சாப்பிட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. மூடி ஓரத்தில் மண்ணிறப் புள்ளி விழும். பக்கத்துப் பிள்ளை “ஐயே” என்று சொல்லும். மறுநாள் பெட்டி குசினி மூலைக்குப் போகும், லஞ்ச் ஷீட் பைக்குள் திரும்பி வரும். எனக்குப் பயம் அதுதான்.

எந்த ஸ்டீல் பெட்டியிலும் முதலில் துருவேறுகிற இடம் கொக்கி பொருத்திய இடம். கொக்கியைத் தாங்குகிற சின்னத் தகட்டை வெளிப்பக்கம் புள்ளி வெல்டிங் வைத்து ஒட்டியிருப்பார்கள். வெல்டிங் சூட்டில் ஸ்டீல் மஞ்சளித்து, சில இடத்தில் நீலம் பாயும். அந்த நிறத்தைச் சுத்தமாக எடுக்காமல் விட்டால் ஸ்டீலைக் காக்கிற குரோமியப் படலம் அங்கே பலவீனமாக நிற்கும். உப்புக் காற்று சரியாக அந்த இடத்தைத்தான் கண்டுபிடிக்கும். கடையிலேயே கொக்கியைத் திறந்து, அதன் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நகத்தால் ஒருதரம் தடவுங்கள். நிறமோ பிசிறோ இருந்தால் அடுத்த பெட்டியை எடுங்கள். நான் வாங்கியதில் இரண்டு கொக்கி சுத்தம். மூன்றாவதின் ஓரத்தில் மயிரிழை அளவு பிசிறு இருந்தது, பட்டறையில் சின்ன அரத்தால் தேய்த்துவிட்டேன். என்னிடம் அரம் இருந்தது, வாங்குகிற எல்லோரிடமும் இருக்காது. அதற்கு ஒரு புள்ளி குறைக்கிறேன்.

கழுவுவது பற்றி மாமியோடு ஒரு பேச்சுவார்த்தை நடந்தது. எவர்சில்வர் என்றால் கம்பி நாரால் தேய்த்து மின்ன வைத்தால்தான் அவருக்கு மனம் ஆறும். அந்த நார் இரும்பு. அதன் துகள் ஸ்டீலின் கீறலுக்குள் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும், பழி பெட்டியின் மேல் விழும். “மாமி, மற்றச் சட்டி எல்லாத்துக்கும் உங்கட விருப்பம். இதுக்கு மட்டும் தும்பு போடுங்கோ” என்றேன். “உம்மட இரும்புக் கதை எனக்கு விளங்காது தம்பி, தும்பென்றால் தும்புதான்” என்றார். இப்போது தும்புதான். இன்னொன்று, உப்பும் தேசிக்காய்ப் புளியும் சேர்ந்த ஊறுகாயைச் சனி ஞாயிறு முழுக்கப் பெட்டிக்குள் விட்டுவைக்காதீர்கள். 304க்கும் அது ஆகாது, ஊசிமுனைக் குழிகள் விழும்.

மூடிக்குள் இருக்கிற சிலிக்கன் வாசர்தான் இந்தப் பெட்டியின் பலமும் பலவீனமும். அது இருப்பதால் சொதி ஊற்றிய இடியப்பம்கூட பைக்குள் கொட்டாமல் போய் வருகிறது. பெட்டியைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கியும் பார்த்தேன், ஓரம் ஈரமாகவில்லை. ஆனால் மீன் றோல்ஸ் வைத்த மணம் வாசரில் ஏறினால் அடுத்த நாள் பப்பாசித் துண்டும் மீனாக மணக்கும். வெந்நீரில் அப்பச்சோடா கரைத்து வாசரை ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்தால் பெரும்பாலும் போகும். வாசரைக் கழற்றாமலே கழுவிக்கொண்டிருந்தால் வாடைக்காற்று மழைக்காலத்தில் அந்தப் பள்ளத்துக்குள் கறுப்பாய்ப் பூஞ்சணம் பிடிக்கும். கரண்டிக் காம்பால் நெம்பிக் கழற்றுங்கள். கத்தி வேண்டாம், வாசர் வெட்டுப்பட்டால் பெட்டி ஒழுகும்.

அப்புறம், சுடச்சுட மூடாதீர்கள். ரொட்டியைத் தோசைக்கல்லில் இருந்து நேரே பெட்டிக்குள் போட்டுக் கொக்கியைப் பூட்டினால், உள்ளே இருக்கிற காற்று ஆறிச் சுருங்கி மூடியை உள்ளிழுத்துப் பிடித்துக்கொள்ளும். என் கைக்கே இறுக்கம், பிள்ளையின் கை என்ன செய்யும்? மகள் ஒருநாள் பெட்டியைத் திறக்க முடியாமல் சிநேகிதியின் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு முழு ரொட்டியோடு வீட்டுக்கு வந்தாள். ஆறவிட்டு மூடினால் இந்தக் கரைச்சல் இல்லை, ரொட்டியும் வியர்த்து ஊறாது. சில பெட்டிகளில் மூடி நடுவே ஒரு சிலிக்கன் மூக்கு வைத்திருக்கிறார்கள், அதை இழுத்தால் காற்று உள்ளே போய் மூடி விட்டுக்கொடுக்கும். விலை கொஞ்சம் கூட. சின்னப் பிள்ளைகளுக்கு அது பெறுமதி என்பேன்.

தடுப்பு வைத்த பெட்டி ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், பெரும்பாலானவற்றில் தடுப்பின் மேல் விளிம்பு மூடியைத் தொடாது. பார்க்க மூன்று அறை. பை ஒருதரம் சரிந்தால் கௌபியும் அன்னாசியும் ஒரே அறை. தடுப்பில்லாத பெட்டிக்குள் ஒரு திருகு டப்பாவை இறக்கினால் சம்பல் அதற்குள்ளேயே நிற்கும், மிச்ச இடத்தில் பாணோ ரொட்டியோ எவ்வளவு வேண்டுமானாலும் அடுக்கலாம்.

மகனுக்கு இது எதுவும் சரிவரவில்லை. நான்கு வயதுக் கையால் கொக்கியை நெம்பவும் முடியாது, எண்ணெய் விரலோடு திருகு மூடியைத் திருப்பவும் முடியாது. அவனுக்கு அமத்தி மூடுகிற பழைய மாதிரி வட்ட டப்பா, மாமியின் அலுமாரியில் இருந்து வந்தது. ஒழுகும், ஆகவே காய்ந்த சாமான் மட்டும் வைக்கிறேன்: பிஸ்கட், அவித்த சோளம், பணிஸ் பாதி. கடையில் பெட்டி வாங்கும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் அவரே திறந்து மூடிப் பார்க்கவிடுங்கள். நீங்கள் திறந்து பார்ப்பதில் பிரயோசனம் இல்லை.

நான் எதிர்பார்க்காத இலாபம் சின்ன டப்பாவால் வந்தது. மகளுக்கு வாரத்தில் ஒருநாள் கன்ரீனில் வாங்கித் தின்னக் காசு கொடுப்போம். றோல்ஸ் வாங்கினால் ஷீட் துண்டில் சுற்றித் தருவார்கள், கடலை வாங்கினால் சின்னப் பை. ஒருநாள் இவள் வரிசையில் நின்று டப்பாவைத் திறந்து நீட்டி, “அன்ரி, இதுக்குள்ள போடுங்கோ” என்றிருக்கிறாள். அவர் சிரித்துக்கொண்டு போட்டாராம், ஒரு கரண்டி கூடவும் போட்டாராம். அந்த ஒரு கரண்டிக் கதை வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. இப்போது கடலை நாளில் டப்பா நீட்டுகிற பிள்ளைகள் நாலைந்து பேர் வரிசையில் நிற்கிறார்களாம்.

அதே வேலையை நானும் கடையில் செய்கிறேன். மிக்சர், பொரித்த கடலை, பேரீச்சம்பழம் எல்லாம் நிறுத்துக் கொடுக்கிற கடைக்குப் பெரிய டப்பாவோடு போவேன். டிஜிட்டல் தராசு என்றால் வெறும் டப்பாவை வைத்துப் பூச்சியமாக்கச் சொல்லுங்கள். முதல்தரம் கடைப் பையன் டப்பாவையும் சேர்த்து மிக்சர் விலையில் போடப் பார்த்தான். இப்போது என்னைக் கண்டதும் பூச்சியத்தை அமத்துகிறான். பிஸ்கட்டில் முழுதாகத் தப்ப வழியில்லை. சின்னச் சின்னப் பைக்கற் வாங்குவதற்குப் பதிலாகப் பெரிய பைக்கற் ஒன்றை உடைத்துக் காற்றுப் போகாத டப்பாவில் கொட்டி வைக்கிறோம். பொலித்தீன் அப்போதும் இருக்கிறது, குறைவாக இருக்கிறது.

மற்றவை. தேன்மெழுகுத் துணி மூன்றைக் கனடாவில் இருந்து மச்சாள் அனுப்பியிருந்தார். பருத்தித் துணியில் தேன்மெழுகும் பிசினும் எண்ணெயும் ஊறவைத்தது. கைச்சூட்டில் மடித்தால் மடித்தபடி நிற்கும். பாண், பணிஸ், வெட்டிய கொய்யா சுற்ற உண்மையிலேயே அருமை, நுளம்பு வலை போட்ட குசினியில் பாதி வெங்காயத்தை மூடிவைக்கவும் நல்லது. ஆனால் அதைச் செய்தவர்கள் கச்சான் காற்று வீசுகிற ஆகஸ்ட் மாதத்தில் திருகோணமலைக்கு வந்ததில்லை. தேன்மெழுகு உருகுவது 62 பாகைக்கு மேலே என்றாலும் அதற்கு வெகு முன்பே இளகிவிடும். வெயிலில் நின்ற ஸ்கூல் வானுக்குள் கிடந்த துணி தன்னோடு தானே ஒட்டிக்கொண்டு வந்தது, பிரித்தபோது நடுவில் மெழுகு வழித்துவிட்டது. சூடான ரொட்டி சுற்ற முடியாது, வெந்நீரில் கழுவ முடியாது, பச்சை மீனுக்குக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது. வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், பாடசாலைக்கு அனுப்பாதீர்கள்.

சிலிக்கன் பையை ஒன்லைனில் வாங்கினேன், ஒன்று 1,900 ரூபாய். சூடு தாங்கும், குளிர்பெட்டியில் மேல்தட்டில் உறையவும் வைக்கலாம். அதெல்லாம் சரி. பிள்ளையின் கைக்கு அந்த அமத்துகிற விளிம்பு சரியாகப் பொருந்தாது, ஒரு மூலை திறந்தே இருக்கும். உள்மூலையைக் கழுவ இரண்டு விரல்தான் போகும். கழுவிவிட்டு ஒரு கிளாசில் கவிழ்த்து மறுநாள் வரை காயவைக்க வேண்டும். மாங்காயும் மிளகாய்த்தூளும் வைத்த மணம் இன்னும் அதை விட்டுப் போகவில்லை. அந்தக் காசுக்கு ஸ்டீல் டப்பா இரண்டு வரும்.

‘மக்கும்’ லஞ்ச் ஷீட்டைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மனதோடு அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இதில் இரண்டு சாதி. ஒன்று, சாதாரண பொலித்தீனுக்குள் ஒரு இரசாயனத்தைச் சேர்த்து, வெயில் பட்டால் நொறுங்குகிற மாதிரிச் செய்தது. அது மக்குவதில்லை, சின்னச் சின்னத் துண்டாகிறது, கண்ணுக்குத் தெரியாத துண்டும் பொலித்தீன்தான். மற்றது சோளம் போன்ற பயிரின் மாச்சத்தில் இருந்து எடுத்தது. அது உண்மையாகவே மக்கும், ஆனால் அதற்கு 60 பாகைக்குக் கிட்டச் சூடு நின்று பிடிக்கிற பெரிய பசளை ஆலை வேண்டும். எங்கள் வளவில் வாழைக்குப் பக்கத்தில் இருக்கிற பசளைக் குழிக்குள் நான் போட்ட ஷீட், வாழைக்குலை வெட்டுகிற காலத்திலும் எழுத்து வாசிக்கக்கூடியதாகவே கிடந்தது. எந்தச் சாதி என்று பைக்கற்றில் போடவில்லை. பச்சை இலைப் படம் மட்டும் போட்டிருந்தார்கள்.

உண்மையில் மக்குகிற ஷீட் அதே வளவில் நிற்கிறது. வாழையிலையை அடுப்பு நெருப்பில் ஒருதரம் வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. ஸ்டீல் பெட்டிக்குள் அடியில் விரித்து ரொட்டியை வைத்தால் பெட்டியும் எண்ணெய் பிடிக்காது, கழுவுகிற வேலையும் பாதி. கொழுக்கட்டை அவித்தால் பூவரசம் இலையோடேயே அனுப்புகிறேன். தாமரை இலை கிடைத்தால் இன்னும் விசேஷம், அதில் தண்ணீர் ஒட்டாது. ஆனால் காலை ஆறு மணிக்கு யார் குளத்துக்குப் போவது?

பனையோலைப் பெட்டி ஒன்றைப் பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் ஒரு அம்மாவிடம் வாங்கினேன். மூடியோடு, சிவப்பும் பச்சையுமாகச் சாயம் போட்ட ஓலை, 450 ரூபாய். பின்னல் அவ்வளவு நெருக்கம். எள்ளுருண்டையும் பனங்காய்ப் பணியாரமும் வைத்தால் வகுப்பே திரும்பிப் பார்க்கிறதாம். கழுவ முடியாது, எண்ணெய் பட்டால் போகாது, மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும், எறும்புக்குத் திறந்த வீடு. அதைச் செய்த கைக்கு முழுப் புள்ளி. சாப்பாட்டுப் பெட்டியாகத் தினமும் பாவிக்கச் சொல்ல மாட்டேன். மகள் இப்போது அதில் வர்ணப் பென்சில் வைத்திருக்கிறாள்.

யோகட் கப்புக்கு விடை கிண்ணியாப் பக்கத்தில் இருந்து வருகிற சட்டித் தயிர். ஒரு சட்டி வாங்கினால் வீட்டுக்கே நாலு நாளுக்குக் காணும். திருகு டப்பாவில் முக்கால்வாசி போட்டு, மேலே கொஞ்சம் பாணி ஊற்றி, முந்தின இரவே குளிர்பெட்டியில் வைத்துவிடுவேன். இடைவேளை வரை புளிக்காமல் நிற்கிறது. டப்பாவை முழுக்க நிரப்பினால் திருகு வழியாகக் கசியும், அதுதான் முக்கால். பிளாஸ்டிக் கரண்டிக்குப் பதில் வீட்டு எவர்சில்வர் கரண்டிதான் போகிறது. வருடத்தில் சில கரண்டி தொலையும். நான் தலைக்கணக்கு வைப்பதில்லை, மாமி வைக்கிறார்.

பெட்டி வாங்கிய மத்திய வீதிக் கடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் காந்தத்தைக் கையில் எடுத்ததும் கடைக்கார நானா, “என்ன தம்பி, பெட்டி வாங்க வந்தீங்களா, கப்பல் வாங்க வந்தீங்களா?” என்றார். ஆனால் பத்துப் பெட்டியைக் கீழே இறக்கிக் கவிழ்த்துப் பார்க்கவிட்டார், முகம் சுளிக்கவில்லை. பில் உண்டு. பெட்டியைச் சுற்றியிருந்த பொலித்தீன் உறையைக் கழற்றி அவரிடமே கொடுத்தேன், எடுத்துக்கொண்டார். டப்பா தொலையாமல் இருக்க அடியில் பெயர் வெட்டித் தருகிற மெஷின் அவரிடம் இருக்கிறது, ஒரு பெயருக்கு 100 ரூபாய். ஆழமாக வெட்டாமல் மேலால் கீறச் சொல்லுங்கள். பிள்ளையின் முழுப் பெயர் வேண்டாம், இரண்டு எழுத்துப் போதும்.

குறை ஒன்று பாக்கி. இந்தப் பெட்டிக்குத் தனி வாசர் கடையில் இல்லை. ஸ்டீல் பத்து வருடம் நிற்கும், வாசர் இரண்டு வருடம் நின்றால் பெரிய விஷயம். வாசர் போனால் பெட்டி வெறும் தட்டு. “வேற ஆக்களும் கேட்டால் கொழும்பில இருந்து எடுக்கலாம் தம்பி, ஒராளுக்காக எப்படி எடுக்கிறது?” என்கிறார் நானா. அங்கே பெட்டி வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து வாசரையும் கேட்டுவிட்டு வாருங்கள். பதினெட்டு சென்ரிமீற்றர் நீளச் சதுர மூடிக்கானது என்று சொன்னால் அவருக்கு விளங்கும்.